யார் வீட்டில் பிறப்பாய்?

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்கிறது. சிலருக்குச் சங்கீதம், சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு அயல்வீட்டு விவகாரம். எனக்கு வாய்த்தது சி. வி. ராமன் பிள்ளைப் பைத்தியம். வடசேரிச் சந்தைக்கு எந்தத் தெரு வழியாகப் போனால் கிட்டம் என்று கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். ஆனால் இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், பத்மநாபபுரம் கொட்டாரத்திலிருந்து ஓர் இளவரசர் கொலைகாரர்களுக்குத் தப்பிச் சாரோட்டுக்கு எப்படி ஓடினார் என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

புத்தகத்தின் பெயர் ‘மார்த்தாண்டவர்மா’. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். 1891-ல் சென்னையில் அச்சாயிற்று. ஆசிரியருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அவர் நம்மவர் அல்ல, திருவனந்தபுரத்துக்காரர், எழுதியது மலையாளத்தில். ஆனாலும் கதையின் கால்பங்கு நம் மண்ணில் நடக்கிறது. கல்குளம், சாரோடு, நாகர்கோவில் என்று நாம் பஸ்ஸில் டிக்கட் வாங்குகிற ஊர்கள் எல்லாம் அதில் குதிரைக் குளம்புச் சத்தத்தோடு வருகின்றன. தான் தினம் நடக்கிற பாதை ஒரு புத்தகத்துக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கிற பதின்மூன்று வயதுப் பெண்ணின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தலை திரும்பாமல் என்ன செய்யும்?

எனக்கு அந்தப் பதின்மூன்று வயது 1956-ல் வந்தது. அவ்வருஷம் நவம்பர் முதல் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லா ஆயின. ஊரெல்லாம் தமிழ்க் கொடியும் ஊர்வலமுமாக இருந்தபோது, நான் எங்கள் வீட்டுப் படிப்புரையில் உட்கார்ந்து மலையாளப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்தால் வெட்கக்கேடு! அப்பா திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கிய பிரதி அது. அட்டை போய்விட்டிருந்தது, முதல் நான்கு பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் இரண்டாம் பாஷையாகப் படித்திருந்ததால் எழுத்துக் கூட்ட வந்தது. சி. வி.யின் நடையோ கல்லும் முள்ளும் நிறைந்த மலைப்பாதை. மூன்று வரிக்கு ஒருதரம் அப்பாவைக் கூப்பிட்டுப் பொருள் கேட்பேன்.

கதை இதுதான். வேணாட்டு அரசர் ராமவர்மா நோயில் கிடக்கிறார். மருமக்கள் வழி முறைப்படி பட்டம் அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குச் சேரவேண்டும். ஆனால் அரசருக்குப் பெற்ற பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். பத்மநாபன் தம்பி, ராமன் தம்பி. ‘அப்பன் சொத்து எங்களுக்கு ஏன் இல்லை?’ என்பது அவர்கள் வழக்கு. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். இளவரசர் வேஷம் மாறி, ஒளிந்து, பல தடவை உயிர் தப்பி, கடைசியில் பட்டம் ஏறுகிறார். அவரைக் காப்பாற்றுகிறவர்களில் ஒரு பைத்தியக்காரச் சாணான் வருகிறான். மாங்கோயிக்கல் குறுப்பு வருகிறார். எல்லோருக்கும் மேலாகச் சுபத்திரை வருகிறாள்.

சுபத்திரையைப் பற்றி நான் நிதானமாக எழுத முயல்கிறேன், முடிகிறதா பார்ப்போம். பொய்ச் சந்தேகத்தால் கணவன் கைவிட்டுப் போன இளம்பெண். ஊர் வாய்க்கு இரையானவள். அவள்தான் பகைவர்களின் ரகசியங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இளவரசருக்குச் சேர்க்கிறாள். இங்கிலீஷில் ஸ்காட் எழுதிய ‘ஐவன்ஹோ’வின் வாசனை சி. வி.யின் கதையில் அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். சுபத்திரை மட்டும் ஸ்காட்டிடம் கடன் வாங்கியவள் அல்ல. அவளைப் படித்த அந்த வாரம் நான் பள்ளிக்கூடத்தில் தலை வாரிக்கொண்ட விதமே மாறிப்போயிற்று.

பிறகு பைத்தியம் முற்றியது. துக்கலையில் பஸ்ஸை விட்டிறங்கிப் பத்மநாபபுரத்துக்கு நடப்பது எனக்குத் திருத்தல யாத்திரை ஆயிற்று. அந்தக் கொட்டாரம் நிற்பது நம் ஜில்லாவில். பராமரிப்பது கேரள அரசாங்கத்தின் தொல்பொருள் இலாகா. இந்த வினோதம் இன்றும் நீடிக்கிறது. தாய்க்கொட்டாரத்துத் தூண்களையும், உப்பரிகை மாளிகையையும், ஆயிரம் பேருக்கு இலை போடக்கூடிய ஊட்டுப்புரையையும் எத்தனை தரம் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. கறுப்புக் கண்ணாடியாய் மின்னுகிற அந்தத் தரையில் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்ந்திருக்கின்றன என்று வழிகாட்டி சொல்லுவார். நான் அதில் முகம் பார்ப்பேன். அங்கிருந்து திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்டவர்மாவிடமே சேவகம் ஏற்று, அவர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்த டிலனாய் அங்கேதான் உறங்குகிறார். 1777-ல் இறந்த அவர் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்து இருக்கின்றன. அந்தத் தமிழ் எழுத்தை விரலால் தடவிக்கொண்டு, ‘நான் இந்தக் காலத்தில் பிறந்திருக்கவேண்டும்’ என்று பெருமூச்சு விடுவேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் உண்டானதல்ல. 1933-லேயே எங்கள் நாகர்கோவில்காரர் ஆர். சுந்தரராஜ் இந்த நாவலை ஊமைப் படமாக எடுத்தார். பி. வி. ராவ் டைரக்‌ஷன். ஆனால் புத்தகத்தின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் பதிப்பகத்தார் வழக்குப் போட்டதில் படம் முடங்கிப்போயிற்று. பல வருஷங்களுக்குப் பிறகு பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தம் கைப்பணத்தை இந்தக் கதையில் இறைத்தார் என்பதை அறிந்த நாளில், எனக்கு ஓர் உறவினர் கிடைத்தது போலிருந்தது.

இனி ஆச்சியிடம் வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரை ஆச்சியைப் பற்றியதுதான்.

ஆச்சி என் அப்பாவைப் பெற்றவள். அப்போது அறுபத்து நாலு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை என்றால் சோறு வேண்டாம். இரவில் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அன்றன்று படித்ததை அவளுக்குத் தமிழில் சொல்லுவேன். சுபத்திரையை அவளும் விரும்பினாள். பைத்தியக்காரச் சாணான் பேச்சைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் தம்பிமார் வரும் இடங்களில் முகம் இறுகிப்போகும். பத்மநாபன் தம்பியின் காமத்தையும் கொடுமையையும் நான் ரசித்து ரசித்து வர்ணித்த ஓர் இரவு, வெற்றிலைச் செல்லத்தைப் படாரென்று மூடினாள்.

“அந்த மலையாளத்துக்காரன் பொய் எழுதியிருக்கான் மக்கா. தம்பிமாரு அப்பிடிப்பட்டவங்க இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும் ஆச்சி?”

“எனக்குத் தெரியாதா? கோயிலிலே பாடக் கேட்டிருக்கேன்லா!”

அவள் சொன்னது வில்லுப்பாட்டு. அம்மன் கொடையிலும் சாஸ்தா கோயிலிலும், குடமும் உடுக்கும் கட்டையும் முழங்க, வில்லில் வீசுகோல் விழுகிற அந்தப் பாட்டை நாஞ்சில் நாட்டில் அறியாதவர் யார்? அதில் வலிய தம்பி குஞ்சுத் தம்பி கதை என்று ஒரு கதை உண்டு. சி. வி.யின் வில்லன்களே அங்கே நாயகர்கள். அந்தப் பாட்டில் தம்பிமாருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். ராஜா அவளை விரும்புகிறார். அண்ணன்மார் இசையவில்லை. பகை அங்கிருந்து முளைக்கிறது. தம்பிமார் வெட்டுண்டு சாகிறார்கள். தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவர்கள் சாகிற இடம் பாடும்போது பெண்கள் பக்கமிருந்து விம்மல் கேட்கும் என்று ஆச்சி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலும் விம்மிற்று.

எனக்குக் கோபம் வந்தது. அச்சில் வந்த புத்தகம் பெரிதா, கொடைப்பாட்டுப் பெரிதா? ‘பாட்டுக்காரன் கட்டிவிட்டது’ என்றேன். ‘இவன் மட்டும் என்ன, பக்கத்திலே நின்னு பாத்தானா?’ என்றாள் ஆச்சி. பதில் சொல்ல முடியவில்லை. கதை நடந்ததற்கும் சி. வி. எழுதியதற்கும் நடுவில் நூற்று அறுபது வருஷம்.

தோற்ற கோபத்தில் என் துருப்புச் சீட்டை எறிந்தேன். “என்ன இருந்தாலும் அந்தக் காலம் மாதிரி வருமா ஆச்சி? நான் அப்போ பிறந்திருக்கணும்.”

ஆச்சி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“பிறக்கது சரி மக்கா. யாரு வீட்டிலே பிறப்பே?”

அப்போது எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. ‘சுபத்திரை வீட்டில்’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். அந்தச் சுபத்திரை கதையின் முடிவில் பெற்ற தகப்பன் குடமண் பிள்ளையின் வாளுக்கே இரையாகிறாள் என்பதும், மன்னர் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது என்பதும் எனக்கு மறந்துபோகவில்லை. மறந்ததுபோல் வைத்துக்கொண்டேன். நாவல் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் தானாக வந்துவிடும்.

ஆச்சி இறந்து சில வருஷம் கழித்து, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என் கைக்கு வந்தது. நகைச்சுவைக்குப் பேர்போன நூல். நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவிடம் போய், “ஆச்சிக்கு என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

அப்பா சொன்னது சுருக்கமான கதை. பாட்டா 1919-ல் இறந்தார். அப்போது அப்பாவுக்கு ஏழு வயது. எங்கள் ஜனங்களுக்குள் அன்றைக்கு மருமக்கள் வழிதான். சொத்து பாட்டாவின் அக்கா மகனுக்குப் போயிற்று. பெற்ற பிள்ளைகளுக்கு ‘உகந்துடைமை’ என்று ஏதோ கொஞ்சம். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும், மருமகன் வந்து பத்தாயப் புரையின் தாக்கோலைக் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல, முறைப்படிதான் கேட்டார். ஆச்சி மடியிலிருந்து தாக்கோலை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். தகப்பன் சொத்தில் மக்களுக்குப் பாத்தியதை தருகிற நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-ல் வந்தது. ஆச்சிக்கு ஏழு வருஷம் பிந்தி வந்தது.

தம்பிமாருக்காக ஆச்சி ஏன் அழுதாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டு அவளுக்கு ராஜாக்கள் கதை அல்ல. ‘அப்பன் சொத்து எங்களுக்கு ஏன் இல்லை?’ என்ற கேள்வியை அவள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் அப்பா அத்தோடு நிறுத்தவில்லை. இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை அசைத்துவிட்டது. ஆச்சி போய்ச் சேர்ந்த அண்ணன் வீட்டில் மருமகன் யார்? என் அப்பாதான்! அந்த வீட்டு வயலும் வீடும் ஒருநாள் அவரைச் சேரவேண்டியவை. அண்ணன் பெண்டாட்டி, ஆச்சி வாசலில் வந்து நின்ற அன்று தன் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாளாம். ஆச்சி அதைப் பார்த்தாளாம். ஒரு வீட்டில் தம்பியாக இருந்த பையன், அரை மைல் தள்ளி இன்னொரு வீட்டில் மார்த்தாண்டவர்மா ஆகிவிட்டான். ‘அம்மை அந்த வீட்டிலே ஒருநாள்கூட வயிறாரச் சாப்பிட்டதில்லை’ என்றார் அப்பா. மாமன் காலமானபோது அப்பா தமக்கு வரவேண்டிய பங்கில் பெரும்பகுதியை மாமன் மக்களுக்கே விட்டுவிட்டார். அது ஆச்சியின் கட்டளை.

‘யாரு வீட்டிலே பிறப்பே?’ என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா? எந்த வீட்டில் பிறந்தாலும் எதிர்வீட்டு அழுகை காதில் விழும் என்று தெரிந்தவள் கேட்ட கேள்வி அது.

அதற்குப் பிறகு நான் சி. வி.யை விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். முன்னைவிட அதிகமாகப் படித்தேன். 1891 என்ற வருஷத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். திருவிதாங்கூரின் பெரிய உத்தியோகங்களில் பரதேசத்தார் நிறைந்திருக்கிறார்கள் என்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் அந்த வருஷந்தான் மகாராஜாவுக்குப் போயிற்று. அந்த முயற்சியில் சி. வி.க்கும் பங்கு உண்டு. தம் காலத்து ஜனங்களுக்கு ஒரு வீரனும் ஒரு விசுவாசமும் தேவை என்று அவர் மனம் துடித்திருக்கிறது. வீரன் வேண்டுமானால் வில்லனும் வேண்டுமே! தம்பிமார் அகப்பட்டார்கள். நானும் நாவல் எழுதுகிறவள். இந்த அவசரம் எனக்குத் தெரியும்.

சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிற மற்றொன்றையும் படித்தேன். எட்டு வீட்டுப் பிள்ளைமார் கொல்லப்பட்ட பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்கிறார்கள். துறையேற்றம் என்று அதற்குப் பெயர். பத்மநாபபுரத்துத் தரையில் முகம் பார்த்துப் பெருமூச்சு விட்டேனே, அந்தக் காலத்தின் கணக்கில் இதுவும் சேரும். நாவலில் சுபத்திரை சாகிறாள். பாட்டில் தங்கை சாகிறாள். சரித்திரத்தில் பெயர் தெரியாத பெண்கள் கடற்கரைக்கு நடக்கிறார்கள். மூன்று பேர் மூன்று விதமாகக் கதை சொன்னாலும் இந்த இடத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் என்ற நாவலாசிரியைக்கு இதுபோன்ற பக்தர்கள் ஏராளம். பாத் நகரத்தில் வருஷந்தோறும் அவள் காலத்து உடையும் தொப்பியும் தரித்து ஊர்வலம் போகிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் கேலி செய்யத் தோன்றவில்லை. நானும் அந்த ஜாதிதானே! ஆனால் அவளுடைய ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலை எடுத்துப் பாருங்கள். ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவான ஒரு பாதிரியாருக்குப் போய்விடும். அந்தப் பாதிரியார் முன்கூட்டியே வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். அடடா, தாக்கோல் கேட்க வந்த மருமகன்! ஆஸ்டினும், 1805-ல் தகப்பன் இறந்த பிறகு, தாயோடும் தமக்கையோடும் சகோதரர்கள் தயவில் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தவள்தான். எங்கள் ஆச்சியிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்பட்டிராது.

இளமையில் நான் ஒரு சரித்திர நாவல் எழுதத் தொடங்கியிருந்தேன். மார்த்தாண்டவர்மா காலம். குதிரை, வாள், சுரங்கப்பாதை எல்லாம் வைத்துப் பன்னிரண்டு அத்தியாயம் எழுதினேன். அப்பா ஆச்சியின் கதையைச் சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் எல்லோரும் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், வீரம் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர்கூடத் தாக்கோலை மடியிலிருந்து அவிழ்க்கவில்லை. கட்டி மச்சில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதிய குடும்ப நாவல்களில் எங்காவது ஒரு நல்ல பக்கம் இருந்தால், அது அந்தப் பன்னிரண்டு அத்தியாயத்தின் சாம்பலில் முளைத்தது என்றே எண்ணிக்கொள்கிறேன்.

போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு பத்மநாபபுரம் போயிருந்தேன். கால் வலியால் உப்பரிகைக்கு என்னால் ஏற முடியவில்லை. கீழே தாய்க்கொட்டாரத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, முகம் சிவக்க ஓடிவந்தாள்.

“ஆச்சி, அந்தக் காலத்திலே பிறந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. கேள்வி நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் கேட்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் சுபத்திரையையே படிக்கவில்லை. முதலில் அந்தச் சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும், அட்டை இல்லாத அந்தப் பழைய பிரதியை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். அவளுக்கு மலையாளம் தெரியாது. இரவில் நான்தான் தமிழில் கதை சொல்லுகிறேன். தம்பிமார் வரும் இடத்தில் மட்டும், ‘இது அவர் சொல்லுகிற கதை, எங்க ஆச்சி வேறொன்று சொல்லுவாள்’ என்று சேர்த்துச் சொல்லுகிறேன்.